ஆட்டமா, சர்க்கரையா

எங்கள் வீட்டில் காலையில் எழுந்ததும் எல்லோரும் கூடி நின்று பார்ப்பது என் மூத்திரத்தின் நிறத்தை. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்களில் கூச்சப்பட எனக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. எட்டு வயதில் எனக்குச் சர்க்கரை நோய் வந்தது. அம்மா ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, என்னுடையதில் சில சொட்டு அதில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவாள். கொதித்த பிறகும் நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை பரவாயில்லை. மஞ்சள் என்றால் அம்மாவின் முகம் சுருங்கும். ஆரஞ்சு என்றால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாடு கட்டுகிற பக்கம் போய்விடுவார். செங்கல் சிவப்பு வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். நான் ஏதோ தேர்வில் தோற்றவள் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

ஒலக்கூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் போடுகிற சொந்த நிலம், இரண்டு மாடு, ஓட்டு வீடு. சர்க்கரை என்பது வயதானவர்களுக்கும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கும் வருகிற வியாதி என்றுதான் எங்கள் பக்கத்தில் எண்ணம். பாவாடை சட்டை போட்ட பெண்பிள்ளைக்கு அது வந்திருப்பதை நம்ப முடியாமல் பலர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் சும்மா போகவில்லை. கேப்பைக் களி, பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூ என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கேப்பையை மட்டும் வைத்துக்கொண்டாள். ஊசியை நிறுத்தவில்லை. திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகிக்கொண்டு வந்தவள் அவள். கண்ணாடி ஊசியைக் கொதிக்கவைத்து ஆற்றி, ஈரமணல் சட்டிக்குள் துணி சுற்றி வைத்திருக்கும் மருந்துக் குப்பியை எடுத்து, தினமும் காலையில் என் தொடையில் போடுவாள்.

ஊசிகூடப் பழகிவிட்டது. பழகாதது 'உட்காரு' என்கிற வார்த்தை. ஒரு தடவை பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது எனக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, மயங்கி விழுந்துவிட்டேன். போட்ட ஊசிக்குத் தக்கபடி சாப்பிடாமல் ஓடி ஆடினால் அப்படி ஆகும். முதலில் கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்போதே ஏதாவது இனிப்பு உள்ளே போய்விட்டால் தப்பித்தோம். போகாவிட்டால் கண் இருட்டிக்கொண்டு வரும். அன்றிலிருந்து எனக்கு ஓட்டம் இல்லை, கயிறு தாண்டுவது இல்லை. பள்ளிப் பிள்ளைகள் பெருமுக்கல் மலை ஏறப் போனபோது நான் அடிவாரத்தில் செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். நெற்றியில் ஒரு வேர்வை முத்து தெரிந்தால் போதும், யாராவது ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீரை வாயில் ஊற்றிவிடுவார்கள். வெயிலில் நின்றதால் வேர்த்தது என்று நான் சொல்வது எடுபடாது. என் உடம்பைப் பற்றிப் பேச என்னைத் தவிர எல்லோருக்கும் உரிமை இருந்தது.

எனக்குப் பதினோரு வயதான கோடை விடுமுறையில் விழுப்புரத்திலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். துபாயில் வேலை பார்த்துவிட்டு நீண்ட லீவில் வந்திருந்தார். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் அவர் வீடு. புதிதாக ஃப்ரிட்ஜ் வாங்கியிருப்பதாகவும், என் மருந்தை அதில் வைத்துக்கொள்ளலாம் என்றும், லீவு முடியும்வரை என்னை அனுப்பிவைக்கும்படியும் கேட்டார். அம்மா வெகுநேரம் யோசித்தாள். கடைசியில் ஃப்ரிட்ஜ்தான் அவளை ஒப்புக்கொள்ள வைத்தது. மாமாவின் மனைவியான அத்தைக்கு ஊசி போடவும் நிறம் பார்க்கவும் சொல்லிக்கொடுத்து, என் பாவாடைப் பைகள் எல்லாவற்றிலும் குளுக்கோஸ் பொட்டலம் வைத்துத் தைக்காத குறையாக அனுப்பிவைத்தாள்.

ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொன்ன மாமா இன்னொரு சாமானைப் பற்றி அம்மாவிடம் வாயே திறக்கவில்லை. டிவியோடு சேர்த்து மாட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒயரோடு நீள்கிற ஒரு குச்சி. டிவியைப் போட்டால் மேலிருந்து பூச்சி மாதிரி ஏதோ வரிசை வரிசையாக இறங்கி வரும். கீழே இருக்கிற நம் கப்பலைக் குச்சியால் இப்படியும் அப்படியும் நகர்த்தி, சிவப்புப் பொத்தானை அழுத்திச் சுட வேண்டும். பூச்சிகள் குறையக் குறைய வேகம் கூடும். 'டுக், டுக்' என்று ஒரு சத்தம் அதோடு சேர்ந்து வேகமெடுக்கும். அதற்கு வீடியோ கேம் என்று பெயர் என்றார் மாமா. விழுப்புரத்தில் வேறு எந்த வீட்டிலும் அது இல்லை என்று மாமா மகள் சொன்னாள். அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். தெருப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்ததை வைத்து நானும் நம்பினேன்.

முதல் நாளே எனக்கு அது வந்துவிட்டது. மூன்று வருஷமாக உட்கார்ந்தே பழகியவள் நான். மாமா மகள் குதிப்பாள், கத்துவாள், கப்பல் அந்தப் பக்கம் போனால் இவளும் சேர்ந்து சாய்வாள். நான் அசைய மாட்டேன். கண்ணும் கட்டைவிரலும் மட்டும் வேலை செய்யும். மாமா மகளைத் தாண்டினேன், மாமாவைத் தாண்டினேன், ஜன்னலில் தொங்கியவர்களில் உள்ளே விடப்பட்ட அத்தனை பேரையும் தாண்டினேன். 'உட்காரு' என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு அதனால் இப்படி ஒரு லாபம் கிடைக்கும் என்று தெரிந்திருக்காது.

ஆபத்து ஒரு மத்தியானம் வந்தது. ஆட்டம் நான் அதுவரை போகாத வேகத்துக்குப் போய்விட்டது. 'டுக் டுக்' சத்தம் இடைவெளியே இல்லாமல் ஓடியது. என் கை நடுங்கியது. கழுத்தில் வேர்வை வழிந்தது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. தண்ணீர்ச் சொம்போடு வந்த அத்தை என் முகத்தைப் பார்த்தார். சொம்பு கீழே விழுந்தது.

"ஐயோ, புள்ளைக்கு எறங்கிடுச்சே. ஜல்தி சர்க்கரை டப்பாவ எடுத்துக்கினு வாங்க."

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் சர்க்கரை விழுந்தது. பிறகு குளுக்கோஸ், பிறகு ஒரு வாழைப்பழம். சாயங்காலம் அத்தை குழாயைக் கொதிக்கவைத்தபோது அது பச்சையில் நிற்காமல், மஞ்சளில் நிற்காமல், ஆரஞ்சையும் தாண்டிச் செங்கல் சிவப்பில் போய் நின்றது. அவ்வளவு சர்க்கரையைக் கொட்டினால் வேறு என்ன ஆகும்? ஆனால் அத்தை குற்றத்தைப் பெட்டியின்மேல் போட்டார். டிவியிலிருந்து ஏதோ வந்து குழந்தையின் ரத்தத்தைக் கெடுக்கிறது என்றார். பெட்டி பீரோவுக்குள் போனது. திண்டிவனம் பக்கம் போகிற சொந்தக்காரர் ஒருவரிடம் அம்மாவுக்குச் சேதியும் போனது.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. "நான் ஆடும்போது கூடத்தான் வேர்த்துக் கொட்டுது. எனக்கு யாரும் சர்க்கரை குடுக்கலியே" என்றார். அத்தை குழாயைக் கழுவ எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அந்தப் பேச்சு என் காதில் நின்றுவிட்டது.

மறுநாள் அத்தை மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் மாமா பீரோவைத் திறந்தார். நான் ஆடவில்லை. மாமா மகளை ஆடச் சொன்னேன். அவள் ஆட ஆட அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். நெல் மிஷின் ஓடுகிற மாதிரி இருந்தது. உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன், நனைந்திருந்தது. விரலை நீட்டச் சொன்னேன், நடுங்கியது. எந்த வியாதியும் இல்லாதவள், காலையில் ஏழு இட்லி சாப்பிட்டவள். அப்படியென்றால் இது நோய் இல்லை. ஆட்டம் யாருடைய உடம்புக்குள் போனாலும் இப்படித்தான் செய்யும். எனக்கு மட்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒன்று எல்லோருக்கும் பொதுவாக இருந்ததைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மாமா மகள் அதோடு விடவில்லை. தன்னுடையதையும் குழாயில் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். பார்த்தோம். அவ்வளவு ஆடிய பின்னும் நீலம். அவளுக்கு அது பெரிய ஏமாற்றம். பச்சையாவது வரும் என்று எதிர்பார்த்தாளாம்.

நான் இப்போது கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். அட்ரினலின் என்று கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த 'டுக் டுக்' சத்தம் கேட்கும். சண்டையோ பயமோ ஆட்டமோ, பரபரப்பு என்றால் உடம்பு அதைச் சுரந்து விடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை வேர்க்கிறது, ஈரலில் சேர்த்துவைத்த சர்க்கரை ரத்தத்துக்கு வருகிறது. மற்றவர்களுக்கு அந்தச் சர்க்கரையை உடம்பே சரிக்கட்டிவிடும். எனக்கு அது முடியாது, நிறம் ஏறும். இன்னொரு பக்கம், சர்க்கரை இறங்கும்போதும் உடம்பு அபாயம் என்று அதே அட்ரினலினைத்தான் விடுகிறது. ஆகவே ஏறும்போதும் நடுக்கம், இறங்கும்போதும் நடுக்கம். அத்தை குழம்பியதில் தப்பே இல்லை. அன்றைக்கு எனக்கு இதில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: நடுங்கும்போது, இது ஆட்டமா, சர்க்கரையா?

அதற்கும் விடை கிடைத்தது. ஒரு காலையில் ஊசி போட்ட பிறகு கேஸ் தீர்ந்துபோய் டிபன் தாமதமானது. பெட்டி பீரோவில் இருந்தது, நான் ஆடவே இல்லை. ஆனாலும் கை நடுங்கத் தொடங்கியது. சட்டென்று கத்தாமல், குளுக்கோஸ் பொட்டலத்தைக் கையில் பிரித்து வைத்துக்கொண்டு, என்னை நானே கொஞ்சம் கவனித்தேன். கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டுப் பார்த்தேன். நடுக்கம் அடங்கவில்லை. நாக்கு நுனியும் உதடும் மரத்துப்போய், எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் ஒரு பள்ளம். காரணமில்லாமல் அழுகை வந்தது. உடனே குளுக்கோஸை வாயில் போட்டுக்கொண்டேன். இந்த எறும்பு ஆட்டத்தில் வந்ததே இல்லை. ஆட்டத்தின் நடுக்கமோ குச்சியைக் கீழே வைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டால் தானாக வடிந்துவிடும். இரண்டும் ஒரே வேஷத்தில் வந்தாலும் வேறு வேறு ஆட்கள். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அத்தையிடம் இதைச் சொன்னபோது நம்பவில்லை. நிறத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். நிறம் பார்ப்பதற்காக மட்டும் பெட்டியைக் கொஞ்ச நேரம் எடுத்துத் தந்தார். ஆடிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்த நாட்களில் குழாய் ஆரஞ்சு காட்டியது. ஆடி முடித்து மாமாவோடு ஸ்டேஷன்வரை வேகமாக நடந்து, ரயில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்களில் பச்சை காட்டியது. ஒரு நாள் நீலமே காட்டியது. அத்தை குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நடந்தா கொறையுது" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி. பெட்டி பீரோவை விட்டு ஒரேயடியாக வெளியே வந்தது. இதில் எனக்குப் பெரிய வெற்றி ஆட்டம் இல்லை. நடக்கலாம் என்று ஆனதுதான். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் நடந்தேன், ஓடினேன், ஸ்டேஷன் படிக்கட்டில் மாமாவை முந்தினேன்.

அந்த வாரம்தான் விழுப்புரத்தில் பொருட்காட்சி வந்தது. ராட்டினம், அப்பளக் கடை, மரணக் கிணறு, இவற்றுக்கு நடுவில் ஒரு கூடாரத்தில் பீரோ உயரத்துக்கு வீடியோ கேம் பெட்டிகள். மெட்ராஸிலிருந்து வந்தவை. ஒலிபெருக்கியில் போட்டி அறிவித்தார்கள். ஆளுக்கு மூன்று தடவை ஆடலாம், ஒரே தடவையில் அதிகம் எடுத்தவருக்குப் பரிசு. குடும்பத்தோடு போயிருந்தோம், மாமா என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். போட்டியில் இருந்த ஒரே பெண்பிள்ளை நான்தான். பெட்டி எட்டாததால் ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன்.

முதல் தடவை பழக்கமில்லாத குச்சி, சீக்கிரமே தோற்றேன். இரண்டாவது தடவை நன்றாகப் போனது. ஆனால் கட்டம் போட்ட சட்டைக்காரக் கல்லூரி அண்ணன் ஒருவர் என்னைவிட அதிகம் எடுத்திருந்தார். கூடாரத்தில் நெருக்கியடித்து நின்ற கூட்டமெல்லாம் அவர் பக்கம். மூன்றாவது தடவைக்குக் காத்திருந்தபோது என் கை நடுங்கத் தொடங்கியது. கூட்டம், சத்தம், ஆட்டம், அதனால்தான் என்று நினைத்தேன். கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட்டேன். அடங்கவில்லை. மறுபடியும் விட்டேன். உதட்டில் எறும்பு ஊர்ந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் போட்ட ஊசி சாயங்காலம்தான் முழு வேலை காட்டும். நான் மத்தியானத்திலிருந்து பொருட்காட்சி முழுக்கச் சுற்றியிருக்கிறேன், போட்டி நினைப்பில் நாலு மணிப் பலகாரத்தைத் தொடவே இல்லை. ஒலிபெருக்கிக்காரர் என் பெயரைக் கூப்பிட்டார்.

அதே நேரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அம்மா வந்தாள். அத்தை அனுப்பிய சேதி ஊர் சுற்றி அன்றைக்குத்தான் அவளை எட்டியிருக்கிறது. கேட்டவுடன் கழனியிலிருந்து அப்படியே பஸ் ஏறி, மாமா வீட்டில் பூட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் விசாரித்து இங்கே வந்திருக்கிறாள். முந்தானையில் மல்லாட்டைச் செடியின் மண் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

"இரும்மா. சர்க்கரை எறங்குது. எனக்கே தெரியுது, நான் பாத்துக்கறேன்."

பாவாடைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்தேன். விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பல்லால் கிழித்தேன். குளுக்கோஸை நாக்கில் கொட்டி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மாமா மகளிடம் பிஸ்கட் கேட்டு வாங்கித் தின்றேன். அம்மா நீட்டிய கையை மடக்கவும் இல்லை, என்னைத் தொடவும் இல்லை. அப்படியே நின்று பார்த்தாள்.

ஒலிபெருக்கிக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். இப்போது வராவிட்டால் மூன்றாவது ஆட்டம் கிடையாது, ரொம்ப பேஜாராகப் போய்விட்டது, கூட்டம் காத்திருக்கிறது என்றார். எழுந்திருக்கப் பார்த்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள் அம்மா. ஆனால் அவள் திரும்பி அந்த ஆளின் முன்னால் போய் நின்றாள்.

"எம் பொண்ணு சாப்ட்டுக்கினு இருக்கறா. சாப்ட்டு முடிச்சு வருவா. அதுவரைக்கும் மத்தவங்கள ஆட வைங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் ஒலிபெருக்கியைக் கீழே இறக்கிவிட்டார். மீதியிருந்த சிலர் ஆடினார்கள். ஒவ்வொருவர் ஆட்டமும் முடிய முடிய என் உதட்டின் எறும்பு ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. வேர்வை காய்ந்தது. விரலை நீட்டிப் பார்த்தேன், நேராக நின்றது. அம்மா என் பக்கத்தில் குனிந்தாள்.

"தெளிஞ்சிடுச்சா?"

"நல்லாத் தெளிஞ்சிடுச்சும்மா."

அவள் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு "போ, போய் ஆடு" என்றாள்.

நான் சோடாப் பெட்டியில் ஏறினேன். அந்த ஆட்டத்தை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். பூச்சிகள் இறங்கின, நான் சுட்டேன். வேகம் கூடியது, நெஞ்சும் கூடவே ஓடியது. ஆனால் என் கப்பல் ஒன்று அடிபட்டுப் போய் அடுத்த கப்பல் வருவதற்குள் கிடைக்கிற சின்ன இடைவெளியில் நான் குச்சியை விட்டுக் கையைத் தொங்கவிட்டு, மெதுவாக ஒரு மூச்சு விட்டேன். சர்க்கரைக்காகக் கற்றுக்கொண்ட வித்தை. கட்டம் போட்ட சட்டைக்காரர் கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். அவருக்கும் உடம்புக்குள் ஆட்டம் ஏறியிருந்தது. அதை இறக்க அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும். கடைசி ஒரு பூச்சி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் பறந்தது. நான் துரத்தவில்லை. ஓரத்தில் போய் நின்றுகொண்டேன். அது வந்தது. சுட்டேன். அடுத்த வரிசை இறங்கியது. அதையும் முடித்தேன்.

கூட்டம் என் பக்கம் மாறியது எப்போது என்று தெரியவில்லை. அவருடைய எண்ணை நான் தாண்டியபோது கூடாரமே கத்தியது. மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாமா மகள் சோடாப் பெட்டியின்மேல் ஏறிக் குதித்து அதை உடைத்தாள். அந்தக் கல்லூரி அண்ணன் வந்து கையை நீட்டினார். நான் பிடித்துக் குலுக்கினேன். அவர் கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. கவலைப்பட வேண்டாம், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும் என்று நான் அவருக்குச் சொன்னேன்.

பரிசைக் கொண்டுவந்தார்கள். பஜாரில் இருந்த ஏதோ ஸ்வீட் கடை கொடுத்த பெரிய அட்டைப்பெட்டி. திறந்தால், நெய் மினுங்க, அடுக்கடுக்காக மைசூர்பாகு.

மாமா சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் இருமினார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடச் சொல்லி ஒலிபெருக்கிக்காரர் வற்புறுத்தினார். நான் பெட்டியைக் கையில் வாங்கி, ராணி மாதிரி, கூடாரத்தில் இருந்த எல்லோருக்கும் நானே கொடுத்தேன். முதல் துண்டு கட்டம் போட்ட சட்டைக்கு. பிறகு ஒலிபெருக்கிக்காரருக்கு. பிறகு வரிசையாக, முன்பின் தெரியாத எல்லோருக்கும். அவ்வளவு இனிப்பு என் கை வழியாகப் போயும், அதில் ஒரு விள்ளல்கூட எனக்கு வேண்டியிருக்கவில்லை என்பது பொய் இல்லை. வாய் முழுக்க வேறு ஒரு ருசி இருந்தது. கடைசித் துண்டை அம்மாவிடம் நீட்டினேன். எனக்கு நோய் வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் இனிப்புத் தொட்டதில்லை. அம்மா வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் ஜெயித்ததற்கு என்று நினைத்தேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அத்தை குழாயைக் கொதிக்கவைத்தார். பச்சை. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலையில் அம்மா என்னைப் பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு கிளம்பினாள். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. பஸ் புறப்பட்டதும் நான் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினேன். எந்த வரிசை எந்தப் பக்கம் இறங்கியது, நான் எப்படி ஓரத்தில் நின்றேன், அது எப்படி என்னிடமே வந்து மாட்டியது. கையைக் குச்சியாக்கி, வாயால் சத்தம் போட்டு, ஒன்று விடாமல் சொன்னேன். விக்கிரவாண்டி வருவதற்குள் என் தோளில் ஏதோ கனமாகச் சாய்ந்தது. திரும்பிப் பார்த்தேன். அம்மா தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது, கண்டக்டர் விசிலடித்தார், எதற்கும் அவள் அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. கதையின் முக்கியமான இடத்துக்கு இனிமேல்தான் வரப்போகிறேன், அதற்குள் இப்படித் தூங்கினால் எப்படி என்று தோளை ஆட்டிப் பார்த்தேன். எழவில்லை. அவள் தூங்கி நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூன்று வருஷமாக ராத்திரி நான் எப்போது விழித்தாலும் அம்மா விழித்தேதான் இருப்பாள். என் நெற்றியில் வேர்வை இருக்கிறதா என்று தொட்டுக்கொண்டிருப்பாள். அம்மாக்கள் எல்லோருமே அப்படித்தான் இருப்பார்கள், தூக்கம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நான் எண்ணியிருந்தேன்.

திண்டிவனம் வரும்வரை அவள் தூங்கினாள். கை மரத்துப்போனது. ஜெயித்தவளுக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே, அவள் தலை நழுவிவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.